அருளாளர் மைக்கேல் மெக்கிவ்னி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புனித மெக்கிவ்னி யார்?

பதில்: அவர் அருளாளர், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியில் இருப்பவர்; இன்னும் புனிதர் அல்லர். 2020 அக்டோபர் 31 அன்று ஹார்ட்ஃபோர்டு நகரில் அருளாளர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் வாட்டர்பரியில் 1852-இல் ஐரிஷ் குடியேறிகளின் மகனாகப் பிறந்து, 1877-இல் கத்தோலிக்கக் குருவாகி, நியூ ஹேவன் புனித மரியா ஆலயத்தில் உதவிப் பங்குத்தந்தையாக ஏறத்தாழ ஏழாண்டுகள் பணியாற்றினார்.

கேள்வி: பங்கு மக்களின் (ஆலயத்தைச் சேர்ந்தவர்களின்) வறுமையை அவர் நேரில் அறிந்தவரா?

பதில்: பித்தளை ஆலையில் வார்ப்பு வேலை செய்த தகப்பனார் 1873-இல் இறந்தபோது குருமடப் படிப்பையே விட்டு வீடு திரும்ப நேர்ந்தவர் அவர், பிள்ளைகள் பதின்மூவரில் ஆறு பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்த குடும்பம் அது. சம்பாதிப்பவர் இறந்துவிட்டால், பிள்ளைகளைக் காப்பாற்ற வழியுண்டா என்று அக்காலத்தில் நீதிமன்றமே தாயைக் கேட்கும். வழியில்லையென்றால் பிள்ளைகள் தாயிடமிருந்து பிரிக்கப்படலாம். 1882-இல் அப்படித் தவித்த ஒரு விதவையின் பதின்ம வயது மகனுக்கு மெக்கிவ்னி தாமே நீதிமன்றத்தில் பாதுகாவலராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு மார்ச் 29 அன்று சட்டப்படி பதிவான, அவர் தொடங்கிய கத்தோலிக்க ஆண்களின் உதவிச் சங்கமான நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் சபையின் அன்றைய ஏற்பாடு எளிமையானது: உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும், விதவைக்கு ஆயிரம் டாலர் வரை கிடைக்கும்.

கேள்வி: திருப்பலி நிறைவேற்ற வேண்டிய குரு காப்பீடு நடத்தலாமா? அது வணிகர் வேலையல்லவா?

பதில்: இக்கேள்வியை ஐவர் கேட்டிருக்கிறார்கள், ‘பசித்தவனுக்கு மறையுரை மட்டும் போதுமா?’ என்று ஒருவர் எதிர்வாதமும் எழுதியிருக்கிறார். எந்தப் பக்கமும் முழுமையாக நிற்க என்னால் இயலாது. திருச்சபை தடைசெய்திருந்த இரகசியச் சங்கங்களில் கத்தோலிக்கத் தொழிலாளர் சேர்ந்ததற்கு, அங்கே கிடைத்த இறப்பு உதவியும் ஒரு காரணம். ஆகவே அந்த உதவியைப் பங்கிலேயே ஏற்படுத்துவது ஆன்ம மேய்ப்புப் பணிதான் என்பது என் உறுதியான எண்ணம். அதே 1882-இல் தூக்குத் தண்டனை பெற்ற 21 வயது இளைஞனைச் சிறையில் தொடர்ந்து சந்தித்து, இறுதி நாளில் அவனுக்காகத் திருப்பலி நிறைவேற்றியவரும் இவரே. எனினும், கேட்டவர்களின் கவலையில் நியாயமுண்டு. மெக்கிவ்னியும் 1884-இல் தாமஸ்டன் பங்குக்குச் சென்றபோது சபையின் நிர்வாகத்தைக் குருக்களல்லாத பொதுநிலையினரிடமே விட்டுவிட்டார்.

கேள்வி: கொலம்பஸ் பெயர் எதற்கு?

பதில்: கத்தோலிக்கரை அந்நியராகக் கருதிய நாட்டில், முதலில் வந்தவரே கத்தோலிக்கர் என்று நினைவூட்டுவதற்காக. பூர்வகுடிகளுக்குக் கொலம்பஸ் இழைத்த கொடுமைகளுக்குத் தனி அமர்வே வேண்டும்.

கேள்வி: இன்று அச்சபையில் காப்பீடு எடுப்பது இலாபமா?

பதில்: முகவரைக் கேளுங்கள்; நான் வரலாறு மட்டுமே சொல்கிறேன்.

கேள்வி: புனித மெக்கிவ்னியின் திருநாள் எது?

பதில்: அருளாளர். தயவுசெய்து முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்; இன்னோர் அற்புதம் ஏற்கப்படாதவரை அவரைப் புனிதர் என்று எழுதக் கூடாது. திருநாள் ஆகஸ்ட் 13.

கேள்வி: எப்படி இறந்தார்?

பதில்: நுரையீரல் அழற்சியால், 1890 ஆகஸ்ட் 14 அன்று, 38 வயதில். வாட்டர்பரியில் குடும்பத்தாருடன் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், சபையின் நூற்றாண்டான 1982-இல், அவர் அதைத் தொடங்கிய புனித மரியா ஆலயத்துக்கே கொண்டுவரப்பட்டது.