சர்வீஸ் விட்டதால வாரண்டி இல்லைங்கிறாங்க, லோன் போட்டு இஞ்சின் மாத்தலாமா?

கேள்வி: வணக்கம் சார். கார் வாங்கி 4 வருஷம் ஆச்சு, 59,000 கி.மீ. ஓடிருக்கு. கம்பெனி வாரண்டி 3 வருஷத்தோட முடிஞ்சுது, ஆனா வாங்கும்போதே தனியா காசு கட்டி இன்னும் 2 வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தேன். போன வாரம் ஓட்டிட்டிருக்கும்போதே டக் டக்னு சத்தம் வந்து இஞ்சின் ஜாம் ஆயிடுச்சு. புது இஞ்சின்தான் போடணுமாம், வண்டி விலையில பாதி வருது. வாரண்டில கேட்டா "பராமரிப்பு சரியில்லை"ன்னு ஒரே வரில ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. உண்மைய சொல்லிடறேன், கடைசியா அவங்ககிட்ட சர்வீஸ் விட்டது 38,000ல. 10,000த்துக்கு ஒரு தடவ விடணும், நான் 48,000ல விடல. ஆனா 46,000 வாக்குல வெளி மெக்கானிக்கிட்ட ஆயில் மாத்தினேன், பில் இல்ல. கடைசி மாசத்துல ஆயில் லைட் ரெண்டு மூணு தடவ எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுது, சென்சார் கோளாறுன்னு நினைச்சு ஓட்டிட்டேன். கார் லோன் இன்னும் நிறைய பாக்கி, கையில இருக்கிறது மூணு மாச வீட்டுச் செலவுக்கான சேமிப்பு. பர்சனல் லோன் போட்டு இஞ்சினை மாத்திட்டு அப்புறம் கேஸ் போட்டு பணத்த வாங்கிக்கலாம்னு பாக்கறேன். மச்சான் என்னடான்னா இஎம்ஐய நிறுத்து அப்பதான் இறங்கி வருவாங்கன்றார், பழைய தேதி போட்டு சர்வீஸ் பில்லும் வாங்கித் தரேன்றார். என்ன பண்ணட்டும்?

பதில்: மச்சான் சொன்ன ரெண்டையும் முதல்ல ஓரமா வெச்சிடுங்க. உங்களுக்கு லோன் குடுத்தது பேங்க், இஞ்சின் போனதுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல, நீங்க தவணை கட்டலைன்னா வாரண்டி கம்பெனிக்கு ஒரு ரோமம் கூட உதிராது, உங்க கிரெடிட் ஸ்கோர்தான் கீழ போகும், கடைசில வண்டியையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. பழைய தேதி பில் அதவிட மோசம். இஞ்சின்ல இப்ப மாட்டியிருக்கிற ஆயில் ஃபில்டர் என்ன பிராண்டு, என்ன பேட்ச்னு பாப்பாங்க, பில்லுல இருக்கிற தேதிக்கு அப்புறம் தயாரான ஃபில்டர்னா அங்கேயே கதை முடிஞ்சுது, ஜெயிக்க வாய்ப்பிருந்த கேஸையும் மோசடி கேஸா மாத்தி நீங்களே அவங்க கையில குடுத்த மாதிரி ஆயிடும்.

இப்ப உங்க பிளானுக்கு வரேன். அதுல பெரிய ஓட்டை என்னன்னா, வாரண்டி சண்டைய ஒரு வேலையாவும் வண்டிய என்ன பண்றதுன்றத இன்னொரு வேலையாவும் பாக்காம ரெண்டையும் ஒண்ணா முடிச்சு போட்டிருக்கீங்க. வருமா வராதான்னே தெரியாத ஒரு பணத்த நம்பி இன்னைக்கு வட்டிக்கு கடன் வாங்கறீங்க, அது வர்றதுக்கு ஒரு வருஷம் ஆகலாம், மூணு வருஷம் ஆகலாம், பாதிதான் வரலாம். சண்டை போடவேண்டாம்னு சொல்லல, தாராளமா போடுங்க. ஆனா கணக்கு போடும்போது அந்தப் பணம் பூஜ்யம்னு வெச்சே போடுங்க.

முதல்ல சண்டை. ரிஜெக்ட் பண்ண கடிதத்துல இருக்கிறது ஒரு வரி. நீங்க சர்வீஸ் தவறவிட்டது உண்மை, ஆனா சர்வீஸ் தவறினதாலதான் இஞ்சின் போச்சான்றது வேற கேள்வி. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிலதான் இந்த மாதிரி கேஸ் எல்லாமே நிக்குது. அதனால முதல் வேலை, எந்த பார்ட் எதனால ஃபெயில் ஆச்சு, ஒப்பந்தத்துல எந்த ஷரத்துப்படி மறுக்கறீங்க, அதுக்கு என்ன ஆதாரம்னு மெயில்ல கேளுங்க, போன்ல வேண்டாம். இஞ்சினைப் பிரிக்காமலே மறுத்திருந்தாங்கன்னா அது உங்களுக்கு சாதகமான விஷயம், அதையும் அந்த மெயில்லயே எழுதி வைங்க.

ஆயில் மாத்தாம விட்டா உள்ள என்ன நடக்கும்னா, சூட்டுல ஆயில் ஆக்சிடைஸ் ஆகி கெட்டியாகி கருப்பு ஸ்லட்ஜா படியும், அது கீழ சம்ப்புல, அதாவது ஆயில் தங்கற தொட்டில, இருக்கிற ஸ்ட்ரெய்னர்ங்கிற வடிகட்டிய அடைக்கும், பம்ப்புக்கு ஆயில் பத்தாம பிரஷர் இறங்கும், கனெக்டிங் ராட் பேரிங்கும் அது சுத்தற கிராங்க் ஷாஃப்ட்டும் உலோகத்தோட உலோகம் உரசும். நீங்க கேட்ட டக் டக் அதுவா இருக்க நல்ல வாய்ப்பிருக்கு. இப்படி போன இஞ்சினைத் திறந்தா வால்வு கவருக்குள்ள, சம்ப்புல, எல்லா இடத்துலயும் கரி மாதிரி அப்பியிருக்கும், பெரும்பாலும் ஒண்ணு மட்டும் இல்லாம பல பேரிங் தேய்ஞ்சிருக்கும். அதுக்கு மாறா உள்ள சுத்தமா இருக்கு, ஒரே ஒரு பேரிங் மட்டும் சிதைஞ்சிருக்கு, மத்ததெல்லாம் நல்லா இருக்குன்னா தயாரிப்புக் கோளாறா இருக்கலாம்னு கேக்க இடம் கிடைக்குது. முடிவான அத்தாட்சி இல்லதான், ஆனா பேச்சுவார்த்தைல இதுக்கு எடை உண்டு.

இதெல்லாம் சும்மா ஆறுதலுக்கு சொல்லல. டொயோட்டாவோட 1997லருந்து 2002 வரைக்குமான சில மாடல்கள்ல ஸ்லட்ஜ் பிரச்சனை வந்தப்போ, ஓனருங்க ஆயில் மாத்தலைன்னுதான் முதல்ல சொன்னாங்க, அப்புறம் 2002ல அந்த இஞ்சின்களுக்கு மட்டும் ஸ்லட்ஜுக்கான பாதுகாப்ப 8 வருஷமா நீட்டிச்சாங்க. ஹூண்டாய் 2015ல அமெரிக்கால சொனாட்டாக்கள திரும்ப அழைச்சதுக்கு காரணமே கிராங்க் ஷாஃப்ட் ஆயில் வழில தங்கிப்போன உலோகத் துகள், அது பேரிங்குக்கு ஆயில் போறத தடுத்துச்சு. அதாவது பாக்கறதுக்கு "ஆயில் இல்லாம போன இஞ்சின்" மாதிரியே தெரியற ஒரு ஃபெயிலியர், தொழிற்சாலைலயும் ஆரம்பிச்சிருக்கலாம். உங்க மாடலுக்கும் இஞ்சினுக்கும் ரீகால் ஏதாவது இருக்கா, வாரண்டி நீட்டிப்பு அறிவிச்சிருக்காங்களான்னு சேசிஸ் நம்பர் போட்டு இன்னைக்கே பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. இருந்துச்சுன்னா மீதி பேச்செல்லாம் மாறிடும்.

ஆனா ஒளிச்சு பேசறதுல அர்த்தம் இல்ல, உங்க கேஸ்ல ரெண்டு பலவீனம் இருக்கு. காகிதத்துல பாத்தா 38,000லருந்து 59,000 வரைக்கும், 21,000 கி.மீ. ஒரே ஆயில்ல ஓட்டியிருக்கீங்க. நிஜத்துல 46,000ல மாத்தினதுலருந்து 13,000, அதாவது 10,000 கெடுவ 3,000 தாண்டினது. இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் அந்த ஒரு பில்தான். பில் இல்லைன்னா என்ன, மெக்கானிக்குக்கு ஆன்லைன்ல பணம் போட்டிருந்தா பேங்க் ஸ்டேட்மெண்ட் இருக்கும், வாட்ஸ்அப்ல "நாளைக்கு வண்டி விடறேண்ணே"ன்னு அனுப்பின மெசேஜ் இருக்கும், ஆயில் டப்பா நீங்க வாங்கிக் குடுத்திருந்தா அந்தக் கடை பில் இருக்கும், மெக்கானிக் நோட்டுல உங்க வண்டி நம்பர் இருக்கும். நடந்தத நடந்த தேதிப்படியே அவர் ஒரு கடிதமா எழுதி கையெழுத்து போட்டுக் குடுக்கலாம், அதுல எந்த தப்பும் இல்ல. வெளில மாத்தினதாலயே வாரண்டி போச்சுன்னு சொன்னாங்கன்னா அப்படியே ஒத்துக்காதீங்க. அமெரிக்கால 1975லயே எங்ககிட்டதான் சர்வீஸ் பண்ணணும்னு வாரண்டிய கட்டிப்போடக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு. மத்த நாட்டுல விதி வேற வேற, போதாததுக்கு உங்களோடது காசு கட்டி எடுத்த தனி ஒப்பந்தம், அதனால அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவ முழுசா படிங்க.

ரெண்டாவது பலவீனம் அந்த லைட். சிவப்பு ஆயில் லைட் சர்வீஸ ஞாபகப்படுத்தற லைட் இல்ல, ஆயில் பிரஷர் இறங்கிடுச்சு, உடனே இஞ்சினை நிறுத்துன்னு சொல்ற லைட். அது தெரிஞ்சும் ஓட்டினா, கோளாறு அவங்களோடதாவே இருந்தாலும் "சேதத்த பெருசாக்கினது நீங்க"ன்னு சொல்ல அவங்களுக்கு வழி கிடைக்கும், நிறைய ஒப்பந்தத்துல இதுக்குன்னே ஷரத்து இருக்கு. கேட்டா பொய் சொல்லாதீங்க. ஆனா அந்த கடைசி மாசத்துல ஆயில் அளவு என்ன இருந்துச்சு, ஆயில் அளவுக் கம்பில பாத்தீங்களா, டாப் அப் பண்ணீங்களான்னு நீங்களே முதல்ல ஞாபகப்படுத்தி எழுதி வெச்சுக்கோங்க, கண்டிப்பா கேப்பாங்க.

அப்புறம் ஒண்ணு, இது பணத்துக்கு நேரா சம்பந்தப்பட்டது. இஞ்சினைப் பிரிச்சுப் பாக்க உங்ககிட்ட கையெழுத்து கேப்பாங்க. பிரிச்சபிறகு கிளைம் மறுத்தா அந்தக் கூலி உங்க தலைலதான். எவ்வளவுன்னு எழுத்துல வாங்காம போடாதீங்க. பிரிக்கும்போது சம்பந்தமில்லாத ஒரு இஞ்சினியரோ வண்டி சேதத்த மதிப்பிடற சர்வேயரோ பக்கத்துல இருக்கட்டும், ஒவ்வொரு கட்டமும் வீடியோ எடுங்க, பழைய ஆயில்ல கொஞ்சம் சுத்தமான பாட்டில்ல எடுத்து சீல் பண்ணி வைங்க, ஃபில்டரையும் குப்பைல போடவிடாதீங்க. ஆயில லேபுக்கு அனுப்பினா எவ்வளவு கெட்டுப்போயிருக்கு, அதுல என்னென்ன உலோகம் கலந்திருக்குன்னு சொல்லிடுவாங்க. ரிப்போர்ட் உங்களுக்கு எதிராவே வந்தாலும் லாபம்தான், தோக்கப்போற கேஸுக்கு வக்கீல் ஃபீஸ் கட்டாம தப்பிச்சீங்க. அதுக்கும் முன்னாடி ஒப்பந்தத்துல ஒரு கிளைமுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவாங்கன்னு பாருங்க. சில எக்ஸ்டெண்டட் வாரண்டில அந்த உச்சவரம்பு புது இஞ்சின் விலைய விட கம்மியா இருக்கும், முழுசா ஜெயிச்சாலும் அவ்வளவுதான் கையில வரும்.

இப்ப வண்டி. நல்லா ஓடற நிலைல உங்க கார் 100 ரூபாய்க்கு விலை போகும்னு வைங்க. நீங்க சொன்னபடி புது இஞ்சின் 50. செத்த இஞ்சினோட அப்படியே வித்தா 30னு வைப்போம், லோன் பாக்கி 60னு வைப்போம், உங்க நிஜ எண்ணுங்கள நீங்க போட்டுக்கோங்க. புது இஞ்சின் போட்டா 50 செலவு பண்ணி 30ஐ 100 ஆக்கறீங்க, கணக்குப்படி லாபம்தான். ஆனா அந்த 50ஐ பர்சனல் லோன்ல எடுத்தா மொத்த கடன் 110, வண்டி 100. நாளைக்கு வேலை போய் வித்தாலும் கடன் தீராது, போதாததுக்கு பர்சனல் லோன் வட்டி கார் லோன விட அதிகம். அப்படியே வித்தா 30 வரும், இன்னும் 30 கையிலருந்து போட்டு லோன மூடணும், வண்டியும் இருக்காது. மூணாவது வழி, கேரண்டியோட வர்ற ரீகண்டிஷன் இஞ்சின், அதாவது பழச பிரிச்சு சரி பண்ணினது, அது ஃபிட்டிங்கோட 28 ஆகுதுன்னு வைங்க, இஞ்சின் மாத்தின வண்டின்னு தெரிஞ்சா வாங்கறவங்க விலைய குறைப்பாங்க, சரி 85னே வைங்க. 28 போட்டு 55 ஏத்தறீங்க. மூணுல உங்க நிலைமைக்கு இதுதான் எனக்கு சரியா படுது, ஆனா குறைஞ்சது 6 மாச கேரண்டியாவது எழுத்துல இருக்கணும், வாய்ல சொல்றது வேண்டாம்.

அதுக்கு முன்னால ஒரு கதவு தட்டிப் பாக்கணும். கார் கம்பெனியோட வாடிக்கையாளர் பிரிவுக்கு (டீலருக்கு இல்ல, கம்பெனிக்கே) எழுதி குட்வில் உதவி கேளுங்க. வாரண்டி தாண்டின வண்டிக்குக்கூட சில சமயம் பார்ட்ஸ் விலைல ஒரு பங்கு அவங்க ஏத்துப்பாங்க, அது அவங்க இஷ்டம்தான், உரிமையா கேக்க முடியாது, அதனால திட்டி எழுதினா வேலைக்காகாது. 38,000 வரைக்கும் ஒழுங்கா அவங்ககிட்டயே சர்வீஸ் விட்ட ரெக்கார்ட இணைச்சு மரியாதையா கேளுங்க. புது இஞ்சினோட உங்க பங்கு ரீகண்டிஷன் விலைக்கு பக்கத்துல வந்துச்சுன்னா யோசிக்காம புதுசையே போடுங்க. ஆனா "இனி எந்த கிளைமும் இல்ல"ன்னு கையெழுத்து கேப்பாங்க, போட்டுட்டா கேஸ் அதோட முடிஞ்சுதுன்னு தெரிஞ்சே போடுங்க.

இதுக்கெல்லாம் நீங்களே ஒரு மாசம்னு கெடு வைங்க. ஒர்க்ஷாப்ல வண்டி நிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் பார்க்கிங் போட்டா அது தனி செலவு, முதல் வாரத்துலயே கேட்டு எழுதி வாங்குங்க. பணத்துக்கு சேமிப்புல மூணுல ஒரு பங்குக்கு மேல கை வைக்காதீங்க, மிச்சத்துக்கு முதல்ல கார் லோன் குடுத்த பேங்க்லயே டாப் அப், அதாவது இருக்கிற லோன் மேலயே கூடுதல் கடன், கேளுங்க, பர்சனல் லோன் கடைசி. கிரெடிட் கார்டுல தேய்ச்சிட்டு மினிமம் கட்டிட்டே வர்றது மட்டும் வேண்டவே வேண்டாம். வண்டி இன்சூரன்ஸ்ல கேட்டுப் பாக்கலாம்னு சிலர் சொல்வாங்க, சாதாரண பாலிசி விபத்து, திருட்டு மாதிரி விஷயங்களுக்குத்தான், இயந்திரக் கோளாறுக்கு தராது, அதுல நேரம் போக்காதீங்க.

பழைய இஞ்சின் பத்தி ஒரு எச்சரிக்கை. ரீகண்டிஷன் போடறவங்க விலைய குறைச்சு பழைய இஞ்சினை எக்ஸ்சேஞ்சா கேப்பாங்க. கேஸ் போடற எண்ணம் இருந்தா தனி ரிப்போர்ட் கையில வர்ற வரைக்கும் அத குடுக்காதீங்க, குடுத்தாலும் பேரிங், ஸ்ட்ரெய்னர், ஃபில்டர் இதெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக எல்லா ஊர்லயும் ஒரு கால வரம்பு இருக்கும், இந்தியால 2019 சட்டப்படி 2 வருஷம், அதனால வண்டி ஓட ஆரம்பிச்ச பிறகு நிதானமா கேஸ் பத்தி முடிவு பண்ணலாம், அவசரம் இல்ல.

கடைசியா, அந்தக் கடிதத்துல இந்த கிளைமை மட்டும் மறுத்திருக்காங்களா இல்ல ஒப்பந்தத்தையே ரத்து பண்ணிட்டாங்களான்னு பாருங்க. கிளைம் மட்டும்னா கியர்பாக்ஸ், ஏசி மாதிரி அதுல இருக்கிற மத்த பார்ட்டுக்கெல்லாம் இன்னும் ஒரு வருஷம் கவர் இருக்கு, ரீகண்டிஷன் இஞ்சின் போட்டா அது போயிடுமான்னு மட்டும் எழுத்துல கேட்டுக்கோங்க. ரத்துன்னா, மீதி ஒரு வருஷத்துக்கு கட்டின பணத்த திருப்பித் தரச் சொல்லி அதே மெயில்லயே கேளுங்க.