ரிவெட்டுக்குப் பின்னால் கறுப்புக் கோடு

கேள்வி: சென்னையிலிருந்து மதுரை வரும்போது ஜன்னல் வழியே பார்த்தால், இறக்கையில் சில ரிவெட்டுகளுக்குப் பின்னால் கறுப்பாகக் கோடு இழுத்திருந்தது. பயமாக இருந்தது. ஒரு மணி நேரம்தானே பறக்கிறது, இதில் என்ன தேயப்போகிறது என்கிறார் மைத்துனர். சரியா?
– வாசகர், அவனியாபுரம்

பதில்: மைத்துனர் கணக்கு தலைகீழ். விமான உடற்பகுதிக்கு மணிக்கணக்கை விட, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏற்றுவார்கள், தகடு லேசாக உப்பும், இறங்கினால் பழையபடி ஆகிவிடும். ஒரே விமானம் மதுரை போனாலும் துபாய் போனாலும் ஒரு பயணத்துக்கு ஒரு உப்பல். அப்படியென்றால் குறுந்தூரம் ஓடுகிற விமானத்துக்குத்தான் நாளெல்லாம் அடி. இறக்கையிலும் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் பாரம் மாறுகிறது.

அடி விழுவது இணைப்புகளில். ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்த இரண்டு அலுமினியத் தகடுகள், கண்ணுக்கே தெரியாத அளவு நகர்ந்து உரசிக்கொண்டிருக்கும். ரிவெட் தளர்ந்தால் இன்னும் அதிகம். அதில் உதிரும் பொடி கறுத்து, காற்றோட்டத்தில் பின்பக்கமாக இழுபடும். நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கலாம், வெறும் எண்ணெய் அழுக்காகவும் இருக்கலாம். உரசின இடத்தில்தான் விரிசல் துளையின் ஓரத்தில் பிடிக்கும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளுக்கிடையே ஓடிய அலோஹா நிறுவனத்தின் போயிங் 737, அதுவரை 89,680 தடவை பறந்திருந்தது. தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், பாரம் முழுக்க ரிவெட்டுகள் மேல் விழுந்து, பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் சின்னச் சின்ன விரிசல்கள் ஒன்று சேர்ந்துவிட்டன. 24,000 அடி உயரத்தில் கூரையே பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பணிப்பெண் இறந்தார், மற்றவர்களோடு விமானம் தரையிறங்கியது. ஏறும்போதே ஒரு பயணி வாசல் பக்கம் விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை!

அதனால் அடுத்த தடவை பார்த்தால், இறங்குவதற்கு முன்பே பணிப்பெண்ணிடம் எந்தப் பக்கம், எந்த இருக்கைக்கு நேரே என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். பொறியாளர்கள் துடைத்துவிட்டு ரிவெட் ஆடுகிறதா என்று பார்ப்பார்கள், சந்தேகம் இருந்தால், மின்காந்தத்தால் உலோகத்தில் விரிசலைத் தேடும் எடி கரன்ட் கருவியைத் துளையைச் சுற்றி ஓட்டுவார்கள். பெயின்டுக்கு அடியில் இருக்கும் விரிசலும் அதில் தெரியும். ஆரம்பத்திலேயே சிக்கினால் பல இடங்களில் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி விரிசலையே வெட்டியெடுத்துவிட்டு, பெரிய ரிவெட் போட்டு அனுப்பிவிடலாம்.