62-62 என்று முடிந்தால் யார் உள்ளே? ஹேண்ட்பால் நாக் அவுட் கணக்கு

கேள்வி: 2013-14 ஐரோப்பிய ஆண்கள் ஹேண்ட்பால் சாம்பியன்ஸ் லீக் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் இறுதியில் ஜெர்மனியின் ரைன்-நெக்கர் லோவன், ஸ்பெயினின் பார்சிலோனா இரண்டுமே மொத்தம் 62 கோல். அரை இறுதிக்குப் போனது பார்சிலோனா. எப்படி? ஆட்டம் நடக்கும்போதே இதைக் கணக்கிட முடியுமா? இப்போதும் இதே விதிதானா?

பதில்: பார்சிலோனாவைக் கரை சேர்த்தது வெளியூர் கோல் விதி. ஒவ்வொரு அணியின் ஊரிலும் ஒன்றாக நடக்கும் இரண்டு ஆட்டங்களையும் கூட்டி மொத்தம் சமமானால், எதிரணியின் ஊரில் அதிக கோல் அடித்தவர் முன்னேறுவார் என்பது அன்றைய விதி.

முதலில் பட்டியலைச் சரியாகப் படிக்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது. லோவன் இடப்பக்கம், பார்சிலோனா வலப்பக்கம், நடுவில் 38-31, 24-31 என்று இருக்கும். இரண்டாவது ஆட்டம் பார்சிலோனாவின் சொந்த மைதானத்தில் நடந்தது. ஆனாலும் பட்டியலில் அணிகள் இடம் மாறுவதில்லை. ஆகவே முதல் ஆட்டத்தில் வலப்பக்க எண்ணும் (31), இரண்டாவதில் இடப்பக்க எண்ணும் (24) தான் வெளியூர் கோல்கள். 31 பெரியது, பார்சிலோனா உள்ளே.

ஆட்டத்தின் நடுவில் கணக்கிட இரண்டு எண்கள் போதும். இரண்டாவது ஆட்டத்தைத் தன் ஊரில் ஆடும் அணி முதல் ஆட்டத்தில் எத்தனை கோலில் தோற்றது, எத்தனை கோல் அடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்சிலோனாவுக்கு அவை 7, 31. எட்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் வேறெதையும் பார்க்க வேண்டாம். ஆறு என்றால் வெளியே. சரியாக ஏழு என்றால், லோவன் அடித்த கோல்களைப் பாருங்கள்: 30 அல்லது அதற்குக் கீழே என்றால் பார்சிலோனா, 32 அல்லது அதற்கு மேலே என்றால் லோவன், மிகச் சரியாக 31 என்றால் முதல் ஆட்டம் அப்படியே திருப்பி விழுந்திருக்கிறது, வெளியூர் கோலும் சமம், ஏழு மீட்டர் ஷூட்-அவுட்தான் (ஏழு மீட்டர் தூரத்திலிருந்து கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து எறிவது, கால்பந்தின் பெனால்டி போல). நடந்தது 31-24. லோவன் இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் 63-62 என்று அவர்கள் போயிருப்பார்கள்.

ஏழு கோல் முன்னிலை எப்படி வந்தது என்பதும் முன்னிலை அளவுக்கே முக்கியம். முதல் ஆட்டத்தை லோவன் 38-31-க்குப் பதில் 30-23 என்று வென்றிருந்தால், அதே 31-24 தோல்விக்குப் பிறகும் லோவனே முன்னேறியிருக்கும். வெளியூர் கோல் 24-க்கு 23. 38 கோல் அடித்தது பிரமாதம்தான். ஆனால் சொந்த ஊரில் 31 வாங்கியதில்தான் வினை இருந்தது. இந்த விதியின் கீழ் முதல் ஆட்டத்தை நடத்தும் அணி, எதிரணியின் கணக்கை உயரவிடாத தடுப்பாட்டத்துக்கே முதலிடம் தரவேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய சுற்றில் இதே விதிதான் லோவனைக் காப்பாற்றியது. போலந்தின் கியெல்ட்ஸெயிடம் 32-28 என்று தோற்று, தன் ஊரில் 27-23 என்று வென்றது. மொத்தம் 55-55, வெளியூர் கோல் 28-க்கு 23. அந்தப் பருவம் லோவனுக்கு வாய்த்த விதம் மனதைப் பிசையும்: ஜெர்மன் லீக்கிலும் கீல் அணியோடு புள்ளிகள் சமம், கோல் வித்தியாசத்தில் வெறும் இரண்டு குறைவு, பட்டம் கீலுக்கு.

கொலோன் நகரில் நடக்கும் இறுதி நால்வர் கட்டத்தில் இந்தக் கணக்கு கிடையாது. அங்கே எல்லாம் ஒற்றை ஆட்டம். 60 நிமிடத்தில் சமமானால் ஐந்தைந்து நிமிடமாகக் கூடுதல் நேரம், பிறகும் சமமானால் ஷூட்-அவுட். 2014 அரை இறுதியில் ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க்கும் பார்சிலோனாவும் கூடுதல் நேரத்திலும் 36-36. ஏழு மீட்டரில் 5-3 என்று ஃபிளென்ஸ்பர்க் வென்றது. மறுநாள் கீலை 30-28 என்று வீழ்த்திக் கோப்பையையும் எடுத்தது.

ஷூட்-அவுட்டில் அணிக்கு ஐந்து பேர், மாறி மாறி ஒவ்வொரு எறிதல். ஆட்டம் முடியும் கணத்தில் இரண்டு நிமிட இடைநீக்கத்தில் இருப்பவரும் சிவப்பு அட்டை பெற்றவரும் எறிய முடியாது. அதனால் கடைசி நிமிடத்தில் ஒரு முரட்டுப் பிடி, நல்ல எறிவீரரை அணிக்கு இல்லாமல் செய்துவிடும்.

இப்போது வெளியூர் கோல் விதி இல்லை. மொத்தம் சமமானால் இரண்டாவது ஆட்டத்தின் முடிவிலேயே, கூடுதல் நேரமும் இல்லாமல், ஷூட்-அவுட். 2024 கால் இறுதியில் கியெல்ட்ஸெ தன் ஊரில் 27-26 என்று வென்றது. எதிரணியான ஜெர்மனியின் மாக்டெபர்க் தன் ஊரில் 23-22. மொத்தம் 49-49. பழைய விதியில் 26 வெளியூர் கோலோடு மாக்டெபர்க் அப்போதே போயிருக்கும். புதிய விதியில் ஏழு மீட்டரில் 4-3 என்று வென்று போக வேண்டியிருந்தது.

கால்பந்து பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹேண்ட்பாலில் ஷூட்-அவுட் கோல்களும் ஆட்டத்தின் கணக்கில் சேரும். மாக்டெபர்க் ஊரில் நடந்த அந்த இரண்டாவது ஆட்டம் பட்டியலில் 27-25 என்றும் மொத்தம் 53-52 என்றும் இருக்கும். ஃபிளென்ஸ்பர்க் அரை இறுதி 41-39 என்று இருக்கும். பக்கத்தில் ஷூட்-அவுட் குறிப்பு இருந்தால் அந்தக் கோல்களைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.