காட்டுப் பாதையில் போக்கிமான் ஏன் குறைவு?

கேள்வி: சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் போக்கிமான் கோ (நடந்துபோய்க் கைப்பேசியில் போக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் ஆட்டம்) விளையாடினால் திரை நிறைகிறது. மெக்ரிட்சி காட்டுப் பாதையில் வெறிச்சென்று இருக்கிறதே, ஏன் அக்கா? வரைபடத்தில் நானே பாதை வரைந்துவிடலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, அந்த ஆட்டம் 2017 டிசம்பரிலிருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைப் பயன்படுத்துகிறது. 2004இல் தொடங்கிய அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதில் ‘பூங்கா’ என்று குறித்த இடங்களில் ஒரே வகைப் போக்கிமான் கூட்டமாக வருவதை ஆட்டக்காரர்கள் வெகுகாலமாகக் கவனித்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு வேண்டிய பொருள்கள் கிடைக்கும் இடங்களான போக்கிஸ்டாப்களோ பெரும்பாலும் சிலை, சுவரோவியம், தகவல் பலகை போன்றவை, ஆட்டக்காரர்களே பரிந்துரைத்தவை. காட்டுக்குள் அவை எத்தனை இருக்கும்? போதாக்குறைக்கு, அடர்ந்த மரங்களுக்கடியில் ஜிபிஎஸ் தடுமாறும். நீங்கள் நின்றுகொண்டிருக்க, திரையில் உங்கள் உருவம் பாதையை விட்டுத் துள்ளும்.

உண்மையிலேயே இருக்கும் நடைபாதை விடுபட்டிருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆட்டத்தில் அது தெரிய நாளாகும். இல்லாத பாதையை மட்டும் வரையவே வரையாதீர்கள், தம்பி. மலையேறிகளும் அதே வரைபடத்தை நம்பித்தான் நடக்கிறார்கள். இயற்கை வனப்பகுதியில் அனுமதித்த பாதையை விட்டு விலகுவது இங்கே குற்றம். உங்கள் கோட்டை நம்பி நுழைபவர் அபராதம் கட்ட நேரிடும். மிதிபடும் நாற்றுகளுக்கோ யாரும் ஈடுகட்ட முடியாது.