பாங்கோரில் வேலைக்கு வருகிறவர் வெல்ஷ் கற்க வேண்டுமா?

பிரிட்டனில், வெல்ஷ் மொழி பேசும் வட வேல்ஸில் இருக்கும் பாங்கோர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது, ஜனவரியில் கணவரோடும் நாலு வயது மகளோடும் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ரொம்பச் சந்தோஷம். வாடகை வீடு, கவுன்சில் வரி, குளிர்கால உடுப்பு பற்றியெல்லாம் தனியாக எழுதுகிறேன். இப்போது கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். "அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்தானே அக்கா? ஓஇடி இங்கிலீஷ் பரீட்சை எழுதியதிலேயே பாதி உயிர் போய்விட்டது. இதற்கு மேல் வெல்ஷும் கற்க வேண்டுமா, கற்றால் என்ன கிடைக்கும்?"

கற்காமலும் இருக்கலாம். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். நர்ஸ் பதிவுக்கு வெல்ஷ் தேவையில்லை, சம்பளம் பேண்டை, அதாவது வேலையின் தரநிலையைப் பொறுத்தது, வெல்ஷ் தெரிந்தால் மாதம் இத்தனை பவுண்டு கூட என்று எதுவும் கிடையாது. இங்கே பல வருஷமாக இருந்தும் 'போரே தா', அதாவது காலை வணக்கம், தாண்டாத தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும். நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் நான் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். சரளமாகப் பேசும்வரை காத்திருக்காமல் முதல் ஐம்பது சொல்லிலேயே பலன் கொடுக்கத் தொடங்கும் மொழி இது. குறைந்தபட்சம் நீங்கள் வருகிற ஊரில் அப்படித்தான்.

ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் முழுவதும் வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம், சுமார் 5,38,000 பேர். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "ஆறு பேரில் ஒருவர்தானே" என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். தலைநகர் கார்டிஃபில் 12 சதவீதம்தான். பாங்கோர் இருக்கும் குவினெத் மாவட்டத்திலோ 64 சதவீதம். பக்கத்தில் இருக்கும் கேர்நார்வனில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பேசுகிறார்கள். அந்த ஊர் டெஸ்கோவில் பில் போடுகிற பெண் முதலில் வெல்ஷில்தான் வாயைத் திறப்பாள். பாங்கோரில் பல்கலைக்கழக மாணவர்கள் நிறைய இருப்பதால் தெருவில் இங்கிலீஷ் அதிகம் கேட்கும். வார்டுக்குள் போய்விட்டால் நிலைமை வேறு. உங்களோடு வேலை செய்யும் ஹெல்த் கேர் அசிஸ்டென்ட், கிளார்க், கேண்டீன் அம்மா, போர்ட்டர் எல்லாம் பெரும்பாலும் சுற்று வட்டாரத்து ஆட்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்வது வெல்ஷில்.

புதிதாக வருகிற நம் ஆட்களுக்கு இங்கேதான் முதல் மனக்கசப்பு வரும். டீ ரூமில் நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், நாம் நுழைந்ததும் இங்கிலீஷுக்கு மாறுவார்கள், அல்லது மாறவே மாட்டார்கள். நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று ஒரு நெருடல். கொஞ்சம் காது பழகியதும் எனக்கு அந்த நெருடல் அடியோடு போய்விட்டது, ஏனென்றால் அவர்கள் பேசுவது மழை, ஆட்டுக்குட்டி, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எந்தச் சாலையில் வேலை நடக்கிறது என்பதுதான். நாமும் தமிழ் ஆள் ஒருவர் டூட்டியில் இருந்தால் இதையேதானே செய்கிறோம்? "பனட்?" (டீ வேண்டுமா?) என்று யாராவது கேட்கும்போது "ஓஸ் குவெலுஹ் அன் தா" (சரி, தாருங்கள்) என்று சொல்லிப் பாருங்கள். வெறும் டீதான். ஆனால் அதற்கப்புறம் உங்களை உட்காரவைத்துப் பேசுவார்கள்.

உண்மையான பலன் நோயாளிகளிடம். மலைப் பண்ணைகளிலிருந்து வருகிற எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள் வீட்டிலும் சந்தையிலும் தேவாலயத்திலும் வெல்ஷிலேயே வாழ்ந்தவர்கள். இங்கிலீஷ் தெரியும், பேசுவார்கள். ஆனால் பக்கவாதம் வந்தபின், டிமென்ஷியா முற்றியபின், பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுகிறது. காய்ச்சல் வேகத்திலும் வலியிலும் அப்படித்தான். நீங்கள் இங்கிலீஷில் கேட்பதற்கு அவர் வெல்ஷில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், குறிப்பில் 'குழப்பத்தில் இருக்கிறார்' என்று ஏறிவிடும். நம் பாட்டியை டெல்லி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து இந்தியில் வலி எங்கே என்று கேட்டால் அவர் எப்படித் தெரிவார், யோசித்துப் பாருங்கள்.

இதற்காகவே வேல்ஸ் சுகாதாரத் துறையில் 2012 முதல் ஒரு கொள்கை உண்டு: நோயாளி கேட்கும்வரை காத்திருக்காமல் வெல்ஷில் பேச நாமே முன்வர வேண்டும். அதற்காக எல்லாரும் சரளமாகப் பேச வேண்டும் என்பதில்லை. யாருக்கு வெல்ஷ் தேவை என்று கண்டுபிடித்து, பேசத் தெரிந்த சக ஊழியரைக் கூப்பிட்டுவிடத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. 'ஹ்லே மைன் பிரிவோ?' (எங்கே வலிக்கிறது?) என்ற ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழகுங்கள். பதிலில் கை, கால், வயிறு, தலை என்ற சொற்கள் பிடிபட்டால் போதும். வலியால் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்த மனிதர் இந்தக் கேள்வி கேட்டதும் தலையைத் திருப்பிப் பார்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர் அல்லாத முகத்திலிருந்து அவருடைய மொழி வருகிறதே என்ற ஆச்சரியமும் அதில் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது, அது நமக்குக் கிடைக்கிற போனஸ். அதற்கப்புறம் உங்களை 'டெல்' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். நம்மூரில் 'கண்ணு' என்கிற இடத்தில் இங்கே அது வரும்.

ஒன்று மட்டும் கவனம். மருந்து அளவு, சம்மதப் படிவம், அலர்ஜி விவரம் எதிலும் அரைகுறை வெல்ஷைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே தெரிந்தவரைக் கூப்பிடுவதுதான் முறை. ஆஸ்பத்திரியில் ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழ் போட்ட பேட்ஜ் பார்ப்பீர்கள், அணிந்திருப்பவருக்கு வெல்ஷ் தெரியும் என்று அர்த்தம். கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கும் தனியாக உண்டு. தயங்காமல் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். அதைப் பார்த்தால் எதிரே இருப்பவர் வேகத்தைக் குறைத்துப் பேசுவார்.

கஷ்டமான மொழியா என்றால், இங்கிலீஷ் மட்டுமே தெரிந்தவர்களுக்குக் கஷ்டம். உடன் படிக்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிற பல இடங்களில் நமக்கு ஒன்றும் தோன்றாது. பெரியவர்களுக்கு ஒரு 'நீங்கள்', நெருங்கியவர்களுக்கு ஒரு 'நீ' என்று இரண்டு உண்டு, யாரிடம் எது என்பது நம் ரத்தத்தில் இருக்கிறது. "பால் இருக்கா?" என்றால் நாம் "இருக்கு" என்போமே தவிர "ஆம்" என்போமா? வெல்ஷிலும் அப்படித்தான், கேள்வியில் உள்ள வினைச்சொல்லே பதில். எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு என்றதும் இங்கிலீஷ்காரர் அதிர்ச்சியாவார். நாம் ஆவோமா? சொல்லின் முதல் எழுத்து மாறுவதைக் கண்டுதான் எல்லாரும் ஓடுகிறார்கள். உங்கள் ஊரே சாட்சி: பாங்கோருக்குப் போகிறேன் என்றால் அது 'வாங்கோர்', பாங்கோரில் இருக்கிறேன் என்றால் 'மாங்கோர்'. பள்ளியில் புணர்ச்சி விதி படித்து வல்லினம் மிகுமா மிகாதா என்று திணறியவர்களுக்கு இது புதுத் தொல்லை இல்லை. வினைச்சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வருவது மட்டும் நமக்கு நேர் எதிர், அது பழகக் கொஞ்ச நாள் ஆகும். ஹ்லான்டிட்னோ, ஹ்லான்பெரிஸ் என்று ஊர்ப் பெயர்களில் வருகிற அந்தக் காற்று ஒலிக்கு நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஊதினால் போதும்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்களுக்குத் தேர்வு என்று பெரிதாக இல்லை. குவினெத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் வெல்ஷில்தான் நடக்கின்றன. நாலு வயதில் சேர்ந்தால் ஒரு வருஷத்துக்குள் அவள் உங்களைத் திருத்த ஆரம்பித்துவிடுவாள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளாக நடுவில் வந்து சேர்கிறவர்களுக்குக் கவுன்சிலே தனி மொழி மையங்கள் நடத்துகிறது. இங்கிலீஷ் பின்தங்கிவிடுமோ என்று எல்லாப் பெற்றோரும் பயப்படுவார்கள். ஏழு வயதுவாக்கில் அதையும் முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். டிவி, விளையாட்டு மைதானம், இணையம் எல்லாம் இங்கிலீஷ். அது தானாக வரும், தடுத்தாலும் வரும்.

நான் எதிர்பார்க்காத லாபம் இதில் ஒன்று கிடைத்தது. இங்கிலாந்து ஊர்களில் இருக்கும் நம் ஆட்கள் பலர், பிள்ளை குழம்பிவிடும் என்று வீட்டில் தமிழைக் குறைத்துவிடுகிறார்கள். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிள்ளையிடம் கடையில் நின்று தமிழில் பேசினால் "வீட்டு மொழியை விட்டுவிடாதே" என்று சொல்லும் ஆட்கள்தான் அதிகம். தாங்களே வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று வளர்ந்தவர்கள். போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், பள்ளியில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை மாட்டிவிட்டார்கள் என்பது இங்கே குடும்பங்களில் சொல்லிக்கொண்டுவரும் கதை. மூன்று மொழிப் பிள்ளை இவர்களுக்கு அதிசயமே இல்லை.

பேச்சு இந்தப் பக்கம் திரும்பினால் 1965 என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு அது இந்தி எதிர்ப்புப் போராட்டம். இவர்களுக்கு, லிவர்பூல் நகரத்தின் தண்ணீருக்காகத் திரெவெரின் பள்ளத்தாக்கை அணையில் மூழ்கடித்த ஆண்டு. காபெல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் கிராமம், தேவாலயம், பள்ளி, தபால் நிலையம் எல்லாம் உள்ளே போயிற்று. வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்காமலே லண்டனில் சட்டம் நிறைவேறியிருந்தது. நம்மவர்கள் ரயில் நிலையப் பலகையில் இந்திக்குத் தார் பூசியதையும், இவர்கள் சாலைப் பலகையில் இங்கிலீஷுக்குப் பச்சை பெயின்ட் அடித்ததையும் ஒப்பிட்டு ஒரு சாயங்காலம் முழுவதும் பேசலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் அண்ணாதுரை பற்றிக் கேட்டுத் துளைத்துவிட்டார். ஆஸ்பத்திரியைத் தாண்டி எனக்கு ஊரில் நட்பு கிடைத்தது இப்படித்தான்.

மற்றச் சின்ன வசதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 சட்டத்துக்குப் பிறகு வெல்ஷுக்கு இங்கே அதிகாரபூர்வத் தகுதி உண்டு. அரசு அலுவலகங்களுக்குப் போன் செய்தால் வெல்ஷுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அந்த வரிசை சின்னது, எடுப்பவரும் அவசரப்படுத்த மாட்டார். தடுமாறினால் இங்கிலீஷுக்கு மாறிக்கொள்ளலாம், யாரும் கோபிப்பதில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தன்னார்வலர்கள் நடத்தும் மாதப் பத்திரிகை ஒன்று வெல்ஷில் வரும். யார் வீட்டில் கல்யாணம், எங்கே பழைய சாமான் விற்பனை எல்லாம் அதில்தான். ஆகஸ்ட் முதல் வாரம் நடக்கும் ஐஸ்தெத்வோட் என்ற கலை இலக்கிய விழாவுக்கு ஒருமுறையாவது போங்கள். வருஷத்துக்கு ஒரு ஊர், மைதானம் முழுக்க வெல்ஷ். ஒவ்வொரு அடியிலும் மெய்யொலிகளை ஒழுங்காக அடுக்கி எழுதும் மரபுக் கவிதைக்கு நாற்காலி பரிசு. எதுகை மோனையில் ஊறிய காது, பொருள் புரியாவிட்டாலும் எழுந்து உட்காரும்.

எரிச்சலையும் சொல்ல வேண்டும். நீங்கள் முக்கி முனகி ஒரு வாக்கியம் சொல்வீர்கள், அவர்கள் உதவி செய்வதாக நினைத்து இங்கிலீஷில் பதில் சொல்லிவிடுவார்கள். நம் முகத்தைப் பார்த்ததும் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மனசு விட்டுவிடாதீர்கள். "கற்றுக்கொண்டிருக்கிறேன், மெதுவாகப் பேசுங்கள்" என்பதை வெல்ஷில் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, வார்டில் இரண்டு பேரைப் பிடித்து என்னிடம் வெல்ஷில் மட்டும் பேசு என்று சொல்லிவிடுங்கள். எனக்கு வகுப்பைவிட அதுதான் உதவியது. அப்புறம், நாளைக்கே நியூபோர்ட்டுக்கோ கார்டிஃபுக்கோ வேலை மாறினால் நான் சொன்னதில் பாதி அங்கே இருக்காது. பள்ளியும் போன் வரிசையும் இருக்கும், டீ ரூம் இருக்காது. வேலை என்று பார்த்தால், குவினெத் கவுன்சிலுக்குள் நிர்வாகமே வெல்ஷில் நடப்பதால் அங்கே அது கட்டாயம். உங்கள் கணவர் அலுவலக வேலை தேடுவதாக இருந்தால் உங்களைவிட அவருக்குத்தான் இது அவசியம். நர்ஸ் விளம்பரங்களில் பெரும்பாலும் 'இருந்தால் நல்லது' என்றுதான் போடுகிறார்கள்.

கிளம்பும்வரை டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் ஆப்பில் தினமும் கொஞ்சம் பாருங்கள், ஒலி பழகும். பாடப் புத்தகம் வாங்கினால் வட வேல்ஸ் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள், பால் என்பதற்கே வடக்கில் ஒரு சொல், தெற்கில் ஒரு சொல். முறையான வகுப்புகளைத் தேசிய வெல்ஷ் கற்றல் மையம் நடத்துகிறது, முதல் நிலைக்கு 'மனெத்யாத்' என்று பெயர். பணியிடத்துக்கென்றே இணையத்தில் இலவசப் பாடங்களும் இருக்கின்றன. வேலையில் சேர்ந்த வாரமே மேனேஜரிடம் டூட்டி நேரத்தில் வகுப்புக்குப் போக முடியுமா என்று கேளுங்கள், மொழி வகுப்பு என்றால் இங்கே பொதுவாக முகம் சுளிக்க மாட்டார்கள். செப்டம்பரில் தொடங்குபவைதான் அதிகம், ஜனவரியிலும் சில உண்டு. உங்கள் ரோட்டா (டூட்டிப் பட்டியல்) கைக்கு வந்ததும் எந்த நாள் ஒத்துவரும் என்று எழுதுங்கள், பாங்கோரில் எங்கே வகுப்பு நடக்கிறது என்று விசாரித்து வைக்கிறேன்.