பெங்களூரில் கார் சவுண்ட் சிஸ்டத்தை மாற்ற நினைக்கிறேன். 30,000 ரூபாய்க்குள் எதை முதலில் மாற்றுவது?

கம்பெனி ஸ்டீரியோ, நான்கு கதவிலும் கம்பெனி ஸ்பீக்கர், கடைக்காரர் சப் ஊஃபரில் (பேஸ் என்கிற அடிமட்ட ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) இருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். "பாட்டு தகர டப்பாவுக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் மிகை எதுவும் இல்லை, அது நிஜமாகவே தகர டப்பாதான். கார் கதவு என்பது இரண்டு மெல்லிய தகடு, நடுவில் காலி இடம், கண்ணாடி ஏறி இறங்கும் சாமான், அதோடு ஒரு ஸ்பீக்கர். முதல் பணத்தை அந்தக் கதவில் போடுங்கள்.

நான் இதை அப்படியே தலைகீழாகச் செய்தவன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். பொம்மனஹள்ளியில் வீடு, பெல்லந்தூரில் ஆபீஸ், நடுவில் டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு ஜங்ஷன். பெங்களூர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தினமும் இரண்டு மணி நேரம் வண்டிக்குள்தான் வாழ்க்கை, பாட்டாவது ஒழுங்காகக் கேட்கலாமே என்று ஒரு சனிக்கிழமை கார் சாமான் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். டவுன் ஹால் பக்கம் நுழைந்ததில் இருந்து மினர்வா சர்க்கிள் வரை வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் நாலு பேர் கண்ணாடியைத் தட்டி "சீட் கவரா சார், ஸ்டீரியோவா சார்" என்று தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் கேட்டுவிட்டார்கள். ஒரு கடையில் சுவர் முழுக்க ஸ்பீக்கரை மாட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரர் பட்டனை அழுத்தினார், நெஞ்சு அதிர்ந்தது, நான் விழுந்துவிட்டேன். 14,000 ரூபாய்க்கு மரப்பெட்டியோடு ஒரு சப் ஊஃபர் டிக்கியில் ஏறியது.

அடுத்த வாரம் மாமனாரைத் தர்மபுரியில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. மனிதர் திருவிழா திருவிழாவாகப் போய் நாதஸ்வரம் கேட்டவர். அத்திப்பள்ளி டோல் தாண்டியதும் கச்சேரி ஒன்று போட்டேன். சூளகிரி வரும்வரை பொறுமையாக இருந்தார், அப்புறம் கேட்டார்: "மாப்ளே, இது பாட்டா, இல்ல பின்னால மாவு மில்லு ஏதாச்சும் ஓடுதா?" தப்பே இல்லை. டிக்கி மூடி, நம்பர் பிளேட், நான்கு கதவு என எல்லாம் சேர்ந்து கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. தவிலில் தொப்பிப் பக்கம் குச்சி விழுவது எல்லாமே ஒரே "தும்". வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழுவதோ தகரத்தில் சரளைக்கல் எறிவது போல இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய நாதஸ்வரத்தின் உடம்பு காணவே இல்லை. போதாக்குறைக்கு, திரும்பி வரும்போது மாமியார் கொடுத்த அரிசி மூட்டைக்கு டிக்கியில் இடமும் இல்லை. பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்துக்கொண்டு வந்தோம்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், ஸ்பீக்கரின் காகிதக் கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னால் வரும் ஒலியும் பின்னால் போகும் ஒலியும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டும் சந்தித்தால், முக்கியமாகக் கீழ்ஸ்தாயியில், ஒன்றை ஒன்று தின்றுவிடும். உங்கள் கதவின் டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால் உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும், மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும் ஒட்டியிருக்கும். பின்பக்க ஒலி அந்த வழியாகத்தான் வெளியே வந்து முன்பக்க ஒலியைத் தின்கிறது. மீதி பேஸ் தகட்டை ஆட்டுவதில் போய்விடுகிறது. நீங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் ஸ்பீக்கரையும் இதே கதவில் மாட்டினால் அதற்கும் இதே கதிதான்.

மருந்து, டாம்பிங் ஷீட், அதாவது தகட்டின் ஆட்டத்தை அடக்கும் ஒட்டுத் தாள். பியூட்டைல் ரப்பரில் அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள். தார் கலந்த மலிவு ஷீட்டும் அதே வெள்ளி நிறத்தில் கிடைக்கும், வெயிலில் நின்றால் வண்டி முழுக்க ரோடு போடுகிற வாடை அடிக்கும், கொஞ்ச நாளில் கழன்றும் தொங்கும். ஒரு துண்டை வெட்டி முகர்ந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். வெளித்தகட்டின் உள்பக்கம் ஒரு அடுக்கு, உள்தகட்டின் ஓட்டைகளை மூடி இன்னொரு அடுக்கு, உருளை வைத்து நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும். ஆனால் கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றை மட்டும் யாரையும் மூட விடாதீர்கள். கண்ணாடி ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் எப்போதும் கதவுக்குள் இறங்கும், வெளியேற அந்தத் துளைதான் வழி. மூடினால் கதவுக்குள் குளம் கட்டித் துரு பிடிக்கும். இரண்டு முன்கதவுக்கு எனக்குக் கூலியோடு 5,500 ஆனது. ஸ்பீக்கரை மாற்றாமலேயே, வெறும் ஷீட்டுக்கே, ஒலி மாறியது. கதவைச் சாத்தும்போது வருகிற சத்தமே கனமாகிவிட்டது.

இனி ஸ்பீக்கர். இங்கேதான் கடைக்காரர் வாட் கணக்கில் உங்களைச் சுற்றி விடுவார். அட்டைப்பெட்டியில் 300 வாட், 500 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பது உச்ச அளவு, ஒரு கணம் தாங்கும் கணக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன எழுத்தில் இருக்கும் ஆர்.எம்.எஸ். எண், அதாவது தொடர்ந்து தாங்கும் வாட். ஸ்டீரியோவில் எழுதியிருக்கும் "50 வாட் × 4" எப்படி வருகிறது தெரியுமா? இன்ஜின் ஓடும்போது வண்டியில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்துப் பாருங்கள், 51.8 வரும். அதாவது அந்த மின்னழுத்தத்தை முழுசாக, சதுர அலையாக, அப்படியே ஸ்பீக்கரில் கொட்டினால் வரும் கணக்கு. அப்படிக் கொட்டினால் அது பாட்டாக இருக்காது. சுத்தமான அலைக்கு அதில் பாதி, 26 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு, சிப்பில் போகும் இழப்பையும் கழித்தால் 20 வாட் வாக்கில்தான் தேறும். சாதாரண ஸ்டீரியோவுக்குள் இருக்கிற ஆம்ப், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர், இந்தக் கூரையைத் தாண்டாது. தனி ஆம்ப் தாண்டுகிறது என்றால், அது பேட்டரி மின்னழுத்தத்தை உள்ளேயே ஏற்றிக்கொள்வதால்தான்.

ஆகவே இப்போது தனி ஆம்ப் இல்லாமல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் சென்சிட்டிவிட்டி (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்கிற அளவு) அதிகம் உள்ள ஸ்பீக்கராக எடுங்கள், 90 டெசிபலுக்கு மேல் இருந்தால் நல்லது. 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். இதிலும் ஒரு சின்னத் தந்திரம் உண்டு: சிலர் 1 வாட்டில் அளந்து போடுவார்கள், சிலர் 2.83 வோல்ட்டில் அளந்து போடுவார்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் அது 2 வாட், எண் சும்மாவே 3 டெசிபல் கூடித் தெரியும். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இதைப் பாருங்கள்.

முன்பக்கம் காம்போனென்ட் செட்டே போடுங்கள், அதாவது பேஸ் தரும் ஊஃபர் கதவில், உச்சஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாக மேலே. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் கோஆக்சியலில் ட்வீட்டரும் முழங்காலுக்குக் கீழேயே இருப்பதால் பாடகர் உங்கள் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவார். பிராண்டைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன். ஜேபிஎல், பயனியர், சோனி, ஹெர்ட்ஸ், எது உங்கள் காதுக்குப் பிடிக்கிறதோ அது. ஆனால் கடைச் சுவரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அங்கே இருப்பது கெட்டியான மரப்பலகை, உங்கள் கதவு இல்லை. முடிந்தால் அதே செட் போட்ட வண்டி ஒன்றில் உட்கார்ந்து கேளுங்கள், கடைப் பையன்களிடம் நயமாகக் கேட்டால் யாராவது ஒருவர் வண்டியைக் காட்டிவிடுவார்கள். எனக்கு இந்தச் செட் 8,500.

மீதியில் நாலு சேனல் ஆம்ப் ஒன்று, 11,000-க்கு நான் வாங்கினேன், ஒயருக்கு 2,500. மொத்தம் 27,500, உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கிவிட்டது. இரண்டு சேனல் இப்போது முன்கதவுக்கு, மற்ற இரண்டு பிறகு எப்போதாவது சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன சப் ஊஃபர் போடத் தோன்றினால் அதற்கு. ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். தாமிரம் என்று சொல்லி மேலே மட்டும் தாமிரம் பூசிய அலுமினியக் கம்பியைத் தருவார்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரியில் இருந்து ஆம்புக்கு வரும் ஒயரில் பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். அந்த ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்து பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ் ஒன்றுதான். எனக்கு மாட்டிய தம்பி அதை ஆம்ப் பக்கத்தில் வைத்துவிட்டு "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்றான். மற்ற எல்லாவற்றிலும் அட்ஜஸ்ட் பண்ணலாம், இதில் முடியாது என்று நின்று மாற்ற வைத்தேன்.

பவர் ஒயரை ஒரு பக்கமும், ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளை மறுபக்கமும் கொண்டுபோகச் சொல்லுங்கள். சேர்த்துக் கட்டினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு மாதிரி ஒரு ரீங்காரம் ஏறும். ஆம்பின் எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய சுத்தமான தகட்டில் போடாவிட்டாலும் அதே கொசு வரும். கம்பெனி ஒயரை வெட்ட விடாமல் உங்கள் மாடலுக்கான கப்ளர் (அப்படியே செருகும் இணைப்பு) வாங்கிப் போடுங்கள், அப்போது வெட்டிய ஒயரைக் காரணம் காட்டி வாரன்டியைத் தட்டிக் கழிக்க முடியாது. ட்வீட்டர் ஒயர் முன் பில்லரில் ஏறும்போது கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அதன் பின்னால்தான் போக வேண்டும், குறுக்கே போகக் கூடாது. ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையம் எம்.டி.எஃப். பலகையாக இருந்தால் முதல் மழைக்காலத்திலேயே ஊறி உப்பிவிடும், பிளாஸ்டிக் வளையமே போதும். கதவை மூடும் முன் கண்ணாடியை முழுசாக இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியில் இடித்தால் அங்கேயே தெரிந்துவிட வேண்டும். வேலை நடக்கும்போது டீ குடிக்கப் போகாதீர்கள். போனால் ஒரு கதவுக்கு நாலு கிளிப் காணாமல் போயிருக்கும்.

ஆம்பில் இருக்கும் கெயின் திருகு வால்யூம் இல்லை, ஸ்டீரியோவில் இருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கு. அதை முழுசாகத் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டு முதலில் செத்துப் போவது ட்வீட்டர். ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, கெயினை மெதுவாக ஏற்றி, குரல் கரகரக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். ஹை பாஸ் ஃபில்டரை (வைத்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியைத் தடுப்பது) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், கதவு ஸ்பீக்கரால் ஒழுங்காகத் தர முடியாத அடிமட்ட பேஸை அதன் தலையில் கட்ட வேண்டாம். டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கர் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்யும் வசதி) ஸ்டீரியோவில் இருந்தால் அதையும் தொட்டுப் பாருங்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 செ.மீ. போகும். நாம் வலதுபக்கம் உட்கார்வதால் இடது ஸ்பீக்கர் அரை மீட்டராவது தள்ளி இருக்கும், ஆகவே வலது ஸ்பீக்கரை ஒன்றரை மில்லி செகண்ட் போலத் தாமதப்படுத்தினால் பாடகர் ஜன்னலோரத்தில் இருந்து டேஷ்போர்டு நடுவுக்கு நகர்ந்து வருவார். இதற்குக் காசே கிடையாது, எனக்குத் தெரிந்து பாதிப் பேர் அந்த மெனுவைத் திறந்ததே இல்லை.

புளூடூத் வேண்டாம், யூ.எஸ்.பி. ஒயர் போட்டுக் கேளுங்கள். புதிதாகப் போட்ட சாமான்களின் பில்லை இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது காட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள், சொல்லாமல் விட்டால் திருடு போனாலும் கிளெய்ம் கிடைக்காது.

பின்கதவு ஸ்பீக்கரையும் மாற்ற வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முன், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரிக்கும் ஃபேடரை முன்னால் நகர்த்திவிட்டு, பின்னால் குழந்தைகளுக்குக் கேட்கிற அளவுக்குக் கம்பெனி ஸ்பீக்கரே கொஞ்சமாகப் பாடட்டும். கழற்றிய முன் ஸ்பீக்கர்களை மட்டும் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கிற அன்று அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டுப் புதுசைக் கழற்றி அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். என்னுடையது பரணில், அந்த 14,000 ரூபாய் சப் ஊஃபர் பெட்டிக்கு மேலேயே இருக்கிறது.