கணினிக் கேள்வி பதில்: எழுந்த த்ரெட் இன்னொரு தடவை பார்க்கவேண்டும்

கேள்வி: புறாத்தீவுக்குப் போகும் படகுகளில் ஆசனம் பதிய ஜாவாவில் ஒரு செய்நிரல் எழுதியிருக்கிறேன். ஆசனம் தீர்ந்தால் த்ரெட் (செய்நிரலுக்குள் தனியே ஓடும் ஓர் ஓட்டம்) வெயிட் போட்டு நிற்கும். யாராவது ரத்துச் செய்தால், நிற்கும் எல்லாரையும் எழுப்பும் நோட்டிஃபைஆல் போகும். எல்லா மெதட்டிலும் சிங்க்ரனைஸ்டு இருக்கிறது, அதாவது லொக் (பூட்டு) வைத்திருக்கும் ஒரு த்ரெட் மட்டுமே ஒரு நேரத்தில் உள்ளே ஓடும். அப்படியிருந்தும் எப்போதாவது மீதி ஆசனம் −1 என்று காட்டுகிறது. லொக் வேலை செய்யவில்லையா?
– வாசகர், நிலாவெளி

பதில்: லொக் சரியாகத்தான் வேலை செய்கிறது. நீங்கள் அனுப்பிய துண்டில் வெயிட்டுக்கு மேல், நிபந்தனையை ஒரு தடவை மட்டும் பார்க்கும் இஃப் இருக்கிறது. அங்கே, திரும்பத் திரும்பப் பார்க்கும் வைல் வரவேண்டும். பிழை அந்த ஒரு சொல்லில்தான்.

நடப்பது இதுதான். மீதி 0. முதல் த்ரெட் வந்து பார்க்கிறது, இடமில்லை, வெயிட்டில் நிற்கிறது. வெயிட் போட்டவுடன் அது கையிலிருந்த லொக்கை விட்டுவிடும். ரத்து வருகிறது, மீதி 1 ஆகிறது, நோட்டிஃபைஆல் போகிறது. முதல் த்ரெட் விழித்துக்கொண்டாலும் உடனே ஓடமுடியாது. லொக்கைத் திரும்ப வாங்கவேண்டும். அந்த இடைவெளியில் புதிதாக வந்த இரண்டாவது த்ரெட் லொக்கை முந்திப் பிடித்து, மீதி 1 என்று கண்டு, எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இப்போது மீதி 0. பிறகு லொக் முதல் த்ரெட்டின் கைக்கு வருகிறது. அது இஃப்பைத் தாண்டி விட்டதால் திரும்பிப் பார்க்காமல் ஒன்றைக் கழிக்கிறது: −1. வைல் போட்டிருந்தால் அது நிபந்தனையை மறுபடி பார்த்து, மறுபடி நின்றிருக்கும்.

எழுப்பினால் இடம் உறுதி என்று நினைப்பது இயல்புதான். 1974இல் கணினி அறிஞர் ஹோர் விவரித்த மொனிட்டரில் (லொக்கும் காத்திருப்பும் சேர்ந்த அமைப்பு) அப்படித்தான் இருந்தது. எழுப்புகிறவர் லொக்கை நேரே எழுந்தவரின் கையில் கொடுப்பார், நடுவில் எவரும் நுழைய முடியாது. அங்கே இஃப் போதும். மேசா என்ற செய்நிரல் மொழியின் அனுபவத்தை வைத்து லாம்ப்சனும் ரெடெலும் 1980இல் எழுதியது வேறு முறை: எழுப்புவது ஒரு குறிப்பு மட்டும், எழுந்தவர் தானே சரிபார்க்கவேண்டும். ஜாவா, பைதன், பிதிரெட்ஸ் (யுனிக்ஸ் வகைக் கணினிகளின் த்ரெட் வசதி) எல்லாம் இந்த இரண்டாவது வழியில்தான் போகின்றன. போதாததற்கு, எவரும் எழுப்பாமலேயே வெயிட் திரும்பலாம் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது.

நிபந்தனை மெய்யாகும்வரை நிற்கும் இந்த வடிவத்துக்குக் கார்டட் சஸ்பென்ஷன் என்று பெயர். அதற்கு மூன்று பாகம் வேண்டும்: நிபந்தனை, அதைக் காக்கும் ஒரே லொக், நிபந்தனையைத் தொடும் ஒவ்வொரு மெதட்டிலிருந்தும் ஓர் எழுப்பல். மூன்றாவதுதான் பிற்காலத்தில் தவறும். ஆறு மாதம் கழித்து 'மேலதிகப் படகு சேர்' என்று ஒரு மெதட் எழுதி மீதியைக் கூட்டுவீர்கள். அதில் நோட்டிஃபைஆல் போட மறந்தால், ஆசனம் இருக்கும்போதே த்ரெட்டுகள் நின்றுகொண்டிருக்கும்.

ஒன்று கேட்கிறேன்: இந்த இடத்தில் காத்திருக்கத்தான் வேண்டுமா? நிபந்தனையை மெய்யாக்கப்போவது யார் என்று பாருங்கள். அதே செய்நிரலுக்குள் ஓடும் இன்னொரு த்ரெட் என்றால், சிறிது நேரத்தில் அது முடிந்துவிடும் என்றால், காத்திருக்கலாம். பயணியின் மனமாற்றமோ கடலோ என்றால் த்ரெட்டை நிறுத்தி வைக்காதீர்கள். வாடைக்காலத்தில் நிலாவெளிக் கடல் தணியும்வரை வெயிட் போட்டால் அந்த த்ரெட் மாதக்கணக்கில் நிற்கும். 'இடமில்லை' என்று உடனே மறுத்துவிட்டு, பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதிவைப்பதே நல்லது.

கேள்வி: வாடியில் மீன் நிறுக்கும் தராசிலிருந்து ஒரு த்ரெட் நிறையை ஒரு பெட்டிக்குள் போடுகிறது. இரண்டு த்ரெட்டுகள் எடுத்துப் பில் அடிக்கின்றன. பெட்டியில் ஒரு நிறை மட்டும் கொள்ளும். வைல் போட்டிருக்கிறேன். என்றாலும் சில நாளில் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. சீபியூ பூச்சியம், பிழைச் செய்தியும் இல்லை.
– வாசகர், கிண்ணியா

பதில்: நீங்கள் பாவிப்பது நோட்டிஃபை. அது நிற்பவர்களில் யாரோ ஒருவரை மட்டும் எழுப்பும். யாரை என்று நீங்கள் சொல்லமுடியாது. உங்கள் பெட்டிக்கு முன்னால் இரண்டு விதமானவர்கள் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்: பொருளுக்கு நிற்பவர், இடத்துக்கு நிற்பவர்.

தாளில் எழுதிப் பாருங்கள். பெட்டி வெறுமை. எடுப்பவர் அ, ஆ இருவரும் நிற்கிறார்கள். தராசு ஒன்று போட்டு நோட்டிஃபை விடுகிறது, அ விழிக்கிறது. அ லொக்கைப் பிடிக்குமுன் தராசு அடுத்த நிறையோடு வந்துவிடுகிறது. பெட்டி நிறைவு, ஆகவே தராசும் நிற்கிறது. அ எடுக்கிறது, பெட்டி வெறுமையாகிறது, நோட்டிஃபை போகிறது. இது தராசுக்குப் போகவேண்டியது; ஆவுக்குப் போய்விடுகிறது. ஆ எழுந்து, வெறுமை என்று கண்டு மறுபடி நிற்கிறது. அ அடுத்ததற்கு வந்து அதுவும் நிற்கிறது. மூவரும் வெயிட்டில், பெட்டியோ காலி. இனி எழுப்ப ஆளில்லை.

நோட்டிஃபைஆல் என்று மாற்றினால் தீரும். தேவையில்லாமல் சிலர் எழுந்து திரும்ப நிற்பார்கள், மூன்று த்ரெட்டுக்கு அது ஒரு செலவே இல்லை. இன்னும் நேர்த்தியாக வேண்டுமானால் ரீஎன்ட்ரன்ட்லொக் (ஜாவாவின் இன்னொரு வகை லொக்) ஒன்றில் இரண்டு கண்டிஷன் (காத்திருப்போர் வரிசை) எடுத்து, ஒன்றை 'வெறுமையில்லை' என்றும் மற்றதை 'நிறைவில்லை' என்றும் வையுங்கள். அப்போது சிக்னல் (கண்டிஷனில் ஒருவரை எழுப்பும் அழைப்பு) ஒன்றே சரியான வரிசைக்குப் போகும். ஜாவாவின் அரேபிளொக்கிங்க்யூ (அளவு குறித்த பெட்டி போன்றது) உள்ளே செய்வதும் இதைத்தான். 2004இல் ஜாவா 5 உடன் வந்த வகுப்பு அது. உங்கள் வேலைக்கு அதையே எடுத்துப் பாவியுங்கள் என்பேன். இடமில்லையென்றால் புட் காத்திருக்கும், ஓஃபர் காத்திராமல் பொய் என்று திருப்பும், நேரம் கொடுத்த ஓஃபர் அவ்வளவு நேரம் மட்டும் நிற்கும், அட் எக்ஸெப்ஷன் எறியும்.

அடுத்த தடவை நின்றால் கணினியை நிறுத்துமுன், ஒவ்வொரு த்ரெட்டும் எந்த நிலையில் நிற்கிறதென்று காட்டும் ஜேஸ்டாக் கருவியை ஓடவிட்டுப் பாருங்கள். எல்லாம் வெயிட்டிங் என்றிருந்தால் எழுப்பல் தவறியிருக்கிறது. பிளொக்ட் என்றிருந்தால் லொக்கை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். இரண்டும் கலந்திருந்தால், ஒரு லொக்கைப் பிடித்தபடி இன்னொன்றுக்குள் போய் வெயிட் போட்டிருக்கிறீர்களா என்று தேடுங்கள். வெயிட் தன் ஒப்ஜெக்டின் லொக்கை மட்டுமே விடும், வெளி லொக் கையிலேயே இருக்கும். எழுப்பவேண்டியவர் அந்த வெளி லொக்குக்காக வாசலில் நிற்பார்.

கேள்வி: 3 விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்று வைல் லூப்புக்குள் வெயிட் 3000 (மில்லிவிநாடி) போட்டேன். சில வேளை அரை நிமிடம்கூட நிற்கிறது.
– வாசகி, உவர்மலை

பதில்: ஒவ்வொரு தடவை எழுந்து திரும்ப நிற்கும்போதும் புதிதாக 3 விநாடி கொடுக்கிறீர்கள். அடிக்கடி எழுப்பப்பட்டால் கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். லூப்புக்கு வெளியே நேனோடைம் (நேனோவிநாடியில் ஓடும் ஜாவாவின் அளவி) எடுத்து அதோடு 3 விநாடியைக் கூட்டிக் கெடுவைக் குறித்துவைக்கவும். உள்ளே மீதியைக் கணக்கிட்டு அவ்வளவு மட்டும் நிற்கவும். கரன்ட்டைம்மில்லிஸ் வேண்டாம், அது மணிக்கூட்டைப் பார்ப்பதால் கணினியின் மணிக்கூட்டை யாராவது திருத்தினால் கணக்கு குழம்பும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மீதி 600,000 நேனோவிநாடி என்று வையுங்கள். அதை மில்லிவிநாடியாக்க 1,000,000ஆல் வகுத்தால் முழு எண்ணில் 0 வரும். வெயிட் 0 என்றால் 'நிற்காதே' என்று பொருளில்லை, 'எழுப்பும்வரை நில்' என்று பொருள். ஆகவே மீதி நேனோவிநாடி 0 அல்லது குறைவு என்றால் முதலில் வெளியேறுங்கள், இல்லாவிட்டால் மேல்நோக்கி முழுமையாக்குங்கள். கண்டிஷனின் அவெயிட்நேனோஸ் மீதியைத் தானே திருப்பித் தருவதால் இந்த வில்லங்கம் இல்லை.

கேள்வி: சேமி பொத்தானை இரண்டு தடவை அமுக்கினால் இரண்டு கோப்பு உருவாகிறது. இதற்கும் வெயிட்தானா?
– வாசகர், மூதூர்

பதில்: இல்லை. ஏற்கெனவே சேமிப்பு நடக்கிறதென்றால் இரண்டாவது அழைப்பு பேசாமல் திரும்பிவிடவேண்டும், போல்கிங் என்பார்கள். 'நடக்கிறதா' என்று பார்ப்பதும் 'நடக்கிறது' என்று குறிப்பதும் ஒரே லொக்குக்குள் இருக்கட்டும். அல்லது பார்ப்பதையும் மாற்றுவதையும் ஒரே அடியில் செய்யும் அட்டொமிக்பூலியனின் கொம்பெயர்அண்ட்செட் ஒன்றே போதும். சேமித்து முடிந்ததும் குறியைத் திரும்பப் பொய்யாக்குவதை ஃபைனலிக்குள் (பிழை வந்தாலும் ஓடும் பகுதி) வையுங்கள். இல்லையேல் ஒரு தடவை டிஸ்க் நிறைந்து பிழை வந்தாலே பொத்தான் அதற்குப் பிறகு என்றைக்கும் வேலை செய்யாது.

கேள்வி: பைதனில் எப்படி? லூப்புக்குள் ஸ்லீப் போட்டால் போதாதா?
– மாணவி, கோணேசபுரி

பதில்: லொக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்லீப் போட்டால் லொக் விடப்படாது, நிபந்தனையை மாற்றவேண்டிய த்ரெட் உள்ளே வரவே முடியாது. லொக்கை விட்டுவிட்டுப் போட்டால் ஓடும், ஆனால் 1 விநாடி தூங்கினால் 1 விநாடி வரை தாமதம், 1 மில்லிவிநாடி தூங்கினால் சும்மா விழித்து விழித்துப் பார்க்கும். திரெடிங் மொடியூலில் கண்டிஷன் இருக்கிறது. 3.2 பதிப்பிலிருந்து அதில் வெயிட்ஃபோர் உண்டு. நிபந்தனையை லாம்டாவாக (பெயரில்லாச் சிறு சார்பு) கொடுத்தால் வைல் லூப்பை அதுவே பார்த்துக்கொள்ளும். அழைப்பை, லொக்கை எடுத்துத் தானே விடும் வித் பிளொக்குக்குள் வையுங்கள். நேரக் கெடு கொடுத்தால் திரும்பிவரும் மதிப்பைக் கட்டாயம் சோதியுங்கள்: பொய் வந்தால் கெடு முடிந்துவிட்டது, நிபந்தனை இன்னும் மெய்யாகவில்லை.